கொட்டு காயும் நேரம்

முதலில் தோற்றது என் இடது கைதான்.

வலது கையில் பிடிக்கிற அடிக்குச்சி குட்டையானது, கனமானது. பிடித்த அன்றைக்கே அது என் சொல்லைக் கேட்டது. இடது கைக்குரியது சிம்புக்குச்சி. நீளமாய்ச் சீவிய மூங்கில். பறையை இடது தோளில் வாரால் மாட்டி, மேற்கையால் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அதே கையால் சிம்பைத் தோலின்மேல் படுக்கவைத்துத் தட்ட வேண்டும். நுனி மட்டும் பட்டால் சுள்ளி முறிந்த ஓசைதான் வரும். முழு நீளமும் ஒரே கணத்தில் படிந்தால்தான் அந்தச் ‘சளீர்’ பிறக்கும். 22 வருடம் கரும்பலகையில் எழுதிய கையோடு, 48 வயதில் போய் நின்ற எனக்கு அந்தச் சளீர் கிடைக்க நான்கு மாதம் ஆயிற்று.

2018-ஆம் வருடம் அது. அதற்கு முந்தைய வருடம் தமுக்கம் மைதானத்துப் புத்தகத் திருவிழாவில் ஒரு குழு பறையடித்து ஆடியது. வாங்கிய புத்தகப் பையைத் தரையில் வைத்துவிட்டு அசையாமல் நின்றிருந்தேன். பக்கத்தில் இன்னொரு பெண்ணும் அப்படியே நின்றார். ஆட்டம் முடிந்ததும் என் பக்கம் திரும்பி, “டீச்சருங்களா?” என்றார். தோள்பையைப் பார்த்தே கண்டுகொண்டாராம். அவர் நர்ஸ். “ஞாயித்துக்கெழம காலைல கீழக்குயில்குடிக்கு வாங்க. நாங்க கொஞ்சப் பேரு பழகுறோம்” என்றார். வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஐந்து மாதம் போகவில்லை. ஏன் போகவில்லை என்பதற்குக் காரணம் எங்கள் வீட்டுத் திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தது.

கீழக்குயில்குடி தெரியாத மதுரைக்காரர் குறைவு. நாகமலைப் புதுக்கோட்டைப் பக்கம் சமணர் மலை அடிவாரம். அகலமாய் விழுது விட்ட ஆலமரம், தாமரைக் குளம், அய்யனார் கோயில். மேலே பாறையில் ஆயிரம் வருடத்துக்கு முந்தைய தீர்த்தங்கரர்கள் கண் மூடி உட்கார்ந்திருக்கிறார்கள். காலை நடைக்கு வருகிறவர்களையும் கோயிலுக்கு வருகிறவர்களையும் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று, எங்கள் ஆட்கள் குளத்தைத் தாண்டி ஒரு தரிசு ஓரத்தைத் தேர்ந்து வைத்திருந்தார்கள். அந்த இடத்துக்கு ஒரு குணம் உண்டு. நாம் அடித்த அடியை மலை ஒரு நொடி வைத்திருந்து திருப்பிக் கொடுக்கும். பிசகிய அடியையும் அப்படியே கொடுத்துவிடும்.

குழுவுக்குப் பெயர் இல்லை, பதிவு இல்லை, தலைவர் இல்லை. நர்ஸ் அக்கா, ஆட்டோ ஓட்டுகிற ஒரு தம்பி, போக்குவரத்துக் கழகத்தில் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்ற ஓர் அண்ணன், கல்லூரிப் பிள்ளைகள் மூன்று பேர், ஒரு சௌராஷ்டிரப் பெண். அந்தப் பெண்ணின் வீட்டில் தலைமுறையாய்ப் பஜனைப் பழக்கம். மார்கழி விடியலில் நடனகோபால நாயகி சுவாமிகளின் கீர்த்தனைகளைப் பாடிக்கொண்டு வீதி சுற்றும் கூட்டத்தில் ஐந்து வயதிலிருந்து ஜால்ரா பிடித்தவள். எங்கள் எல்லாருக்கும் முன்னால் அவளுக்குத் தாளம் நின்றது.

ஆசான் வாடிப்பட்டிப் பக்கத்துக்காரர். வாடிப்பட்டி மேளம் என்றால் இந்தச் சீமையில் யாருக்கும் விளக்கம் வேண்டாம். வாரநாளில் அவருக்கு அதுதான் பிழைப்பு: கோயில் கொடை, காதுகுத்து, கேதம். ஞாயிற்றுக்கிழமை கேதம் விழுந்துவிட்டால் எங்களுக்கு வகுப்பு இல்லை. நாங்கள் எல்லாரும் ‘பறை’ என்போம். அவர் ஒருபோதும் அப்படிச் சொன்னதில்லை. அவருக்கு அது ‘கொட்டு’. அவர் அப்பாவுக்குத் ‘தப்பு’. ஒரே தோல்தான். ஆனால் மேடை ஏறியவர்கள் சொல்கிற சொல்லும் தெருவில் நின்றவர்கள் சொல்கிற சொல்லும் வேறாக இருப்பதை நான் முதல் நாளே கவனித்தேன்.

“எந்த ஊரும்மா?” என்று கேட்டார்.

“மதுரைதான்.”

“அது இப்ப. முந்தி?”

சொன்னேன். சோழவந்தானுக்கு அந்தப் பக்கம், வைகைப் பாசனத்தில் நெல்லும் வெற்றிலையும் விளைகிற ஒரு கிராமம். அவர் என் முகத்தைப் பார்த்தார். மேலே ஒன்றும் கேட்கவில்லை. குச்சி பிடித்திருந்த என் கட்டைவிரலை மட்டும் இரண்டு நெல் தள்ளி வைத்தார்.

நான் தமிழாசிரியை. தொல்காப்பியம் கருப்பொருள்களை வரிசைப்படுத்தும்போது தெய்வத்தோடும் உணவோடும் மரத்தோடும் பறவையோடும் பறையையும் வைக்கிறது. ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு பறை. குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, முல்லைக்கு ஏறுகோட்பறை, மருதத்துக்கு நெல்லரிகிணை, நெய்தலுக்கு மீன்கோட்பறை, பாலைக்குத் துடி. வருடா வருடம் இதைக் கரும்பலகையில் கட்டம் போட்டு எழுதியிருக்கிறேன். பறைதல் என்றால் சொல்லுதல், மலையாளத்தில் இன்றைக்கும் பேசுவதற்கு அந்தச் சொல்தான் என்றும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பிள்ளைகள் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கினார்கள். அந்தக் கருவியை நான் ஒரு நாளும் தொட்டதில்லை என்பது அவர்களுக்குத் தெரியாது. என் தாத்தா கொட்டுக்காரர் என்பதும் தெரியாது.

அப்பா 1938-இல் பிறந்தவர். எட்டு வயதிலிருந்து தாத்தாவோடு வைக்கோல் சுமந்துகொண்டு போனவர். தோல் குளிர்ந்தால் ஓசை மங்கிவிடும். பனியிலும் ஈரத்திலும் அரை மணிக்கு ஒருமுறை தீ மூட்டி, வட்டத்தைச் சாய்த்துப் பிடித்துச் சுற்றிக்கொண்டே காய்ச்ச வேண்டும். பெரியவர்கள் அடிப்பார்கள், பையன் காய்ச்சுவான். ‘கொட்டு காய்ச்சுற பய’ என்பதுதான் ஊரில் அவர் பெயர். யார் வீட்டுக் கேதமானாலும் அவர் உட்கார்ந்தது வாசலுக்கு வெளியே, தெருவுக்கும் சாக்கடைக்கும் நடுவில். ஒரு வீட்டில் இலையைத் தூரத்தில் வைத்துவிட்டுத் தண்ணீரை உயரத்திலிருந்து ஊற்றினார்களாம். அவர் ஏந்திய கையில் பாதி விழுந்தது, பாதி தீயில் விழுந்து தீ அணைந்துவிட்டது. தீயை அணைத்ததற்கும் அவருக்குத்தான் அடி. இதை அவர் என்னிடம் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறார். அதுவும் வேறு எதையோ பேச வந்து, நடுவில்.

மதுரையில் விடுதியில் தங்கிப் படித்து ஆசிரியப் பயிற்சி முடித்தார். முதல் சம்பளத்தில் தாத்தாவுக்கு வேட்டி எடுத்துக்கொண்டு போய், “இனிமே நம்ம வீட்ல கொட்டு இருக்கக் கூடாது” என்றாராம். தாத்தா மறுபேச்சுப் பேசவில்லை. காட்டுமன்னார்கோயில் பக்கம் எல். இளையபெருமாள், ஊருக்காகப் பறையடிக்க மாட்டோம் என்று தம் மக்களைத் திரட்டிய காலம் அது. 1969-இல் தீண்டாமை பற்றிய குழுவின் தலைவராக அவர் அறிக்கை கொடுத்தபோது அப்பா பத்திரிகையிலிருந்து அவர் படத்தை வெட்டி எடுத்து, வெகுநாள் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருந்தார். அந்தப் படம் பழுப்பேறி உதிர்ந்தது எனக்கு நினைவிருக்கிறது.

1981-இல் தாத்தா போனார். எனக்கு 11 வயது. ஊரே எதிர்பார்த்தது, கொட்டுக்காரர் சாவு, கொட்டு அதிரும் என்று. சுற்றுவட்டாரத்திலிருந்து ஆட்கள் கருவியோடு வந்துவிட்டார்கள். அப்பா கையெடுத்துக் கும்பிட்டு, “எத்தனையோ பேர் சாவுக்கு அடிச்ச மனுசன். அவர் சாவுக்கு யாரும் அடிக்க வேண்டாம்” என்றார். அவர்கள் கருவியை இறக்கித் தரையில் குப்புற வைத்துவிட்டு வரிசையாய் நின்றார்கள். பாடை போகும்போது காலடிச் சத்தம் மட்டும் கேட்டது. அவ்வளவு அமைதியான சவ ஊர்வலத்தை அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை.

இந்த வீட்டிலிருந்துதான் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். “மலைக்கு நடக்கப் போறேம்பா” என்று சொல்லிவிட்டு.

ஆசான் எனக்கு முதலில் கொடுத்தது ஒத்தையடி. மற்றவர்கள் சப்பரத்து அடியும் டப்பா அடியும் பழகிக்கொண்டிருக்க, நான் ஓரத்தில் நின்று அந்த ஒன்றையே அடித்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது வாரம் எனக்குச் சலிப்பு வந்துவிட்டது. ஆசான் அதைப் பார்த்துவிட்டார். எல்லாரையும் சப்பரத்து அடியை முழு வேகத்தில் எடுக்கச் சொல்லிவிட்டு, பாதியில் என் கையைப் பிடித்து நிறுத்தினார். இரண்டு சுற்றில் கூட்டம் கலைந்தது. கல்லூரிப் பிள்ளைகள் முன்னே ஓடினார்கள், கண்டக்டர் அண்ணன் பின்தங்கினார், சௌராஷ்டிரப் பெண் கண்ணை மூடிக்கொண்டு தனியே சரியாகப் போனாள். “பாத்தீங்களா டீச்சர்? நீங்க அடிச்சதுலதான் இவய்ங்க நடந்துக்கிட்டு இருந்தாய்ங்க” என்றார். அதன் பிறகு ஒரு வருடம் நான் ஒத்தையடியை விட்டு வேறு கேட்கவில்லை. இன்றைக்கும் நிகழ்ச்சிகளில் அதுதான் என் இடம்.

கூடி அடிப்பது என்னவென்று அங்கேதான் தெரிந்தது. வீட்டில் தலையணையில் தட்டிப் பழகியபோது என் கை எனக்குக் கேட்டது. வட்டத்தில் நின்றால் என் கை எனக்குக் கேட்காது. கேட்காமல் போனால் சரியாகப் போகிறது என்று பொருள். ஏதாவது ஒரு அடி எனக்குத் தனியாகக் கேட்டுவிட்டால் நான் பிசகிவிட்டேன். கால் அதைவிட முக்கியம். “தாளம் கையில இல்ல, காலுல இருக்கு” என்பார் ஆசான். நின்ற இடத்தில் கால் மாற்றி, ஒரு அடி முன்வைத்து, அரைவட்டம் திரும்பி, குனிந்து நிமிர்ந்து, அத்தனைக்கும் நடுவில் கை தன் வேலையைப் பார்க்க வேண்டும். முழங்கால் வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு போவேன். திரும்பி வரும்போது வலி எங்கே போனதென்று தெரியாது.

சாவு அடியை மட்டும் முதல் இரண்டு வருடம் அவர் சொல்லிக் கொடுக்கவில்லை. பிள்ளைகள் வற்புறுத்தினார்கள். “அது பழகுறதுக்கு அடிக்கிற அடி இல்லப்பா. ஆளு போயிருக்கணும்” என்று முடித்துவிட்டார். மருளடியும் அப்படித்தான். சாமியாடியை வரவழைக்கிற அடியை ஆலமரத்தடியில் விளையாட்டாய் அடிக்கக்கூடாது என்பதில் அவர் உறுதி. எதையும் அடித்துப் பார்க்கலாம் என்று வந்த எங்களுக்கு, எந்த அடிக்கு எந்த இடம் என்று ஒரு ஒழுங்கு இருப்பதை அவர் அந்த மறுப்பால்தான் கற்றுக்கொடுத்தார்.

நர்ஸ் அக்கா 90களில் அரசரடியில் பறை நிகழ்ச்சிகளைப் பார்த்து வளர்ந்தவர். அங்கே தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் தியாஃபிலஸ் அப்பாவு என்கிற பரட்டை ஐயா ஆசிரியராக இருந்தார். கிராமத்து மெட்டில் கிறித்தவப் பாடல் கட்டியவர். பாடுகிறவர்களே தங்களுக்கு வேண்டியபடி மாற்றிக்கொள்ளக்கூடிய இசைதான் மக்களை விடுதலை செய்யும் என்று வாதாடியவர். 2005-இல் மறைந்தார். அமெரிக்காவிலிருந்து ஸோயி ஷெரினியன் என்ற இசை ஆய்வாளர் வந்து அவரிடம் பயின்று, 2014-இல் அதைப் பற்றி ஒரு முழு நூலே எழுதினார். அதே வளாகத்துத் தலித் ஆதார மையம் நடத்திய கலைவிழாக்களில் தமிழ்நாட்டின் நாலா பக்கத்துப் பறைக்குழுக்களும் வந்து ஆடியதை அக்கா கைகளை விரித்து விரித்துச் சொல்வார். மாரந்தையில் பிறந்து ‘வடு’ எழுதிய கே.ஏ. குணசேகரன் தன்னானே குழுவோடு மேடைகளை அதிரவைத்த காலமும் அதுதான். திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழு, பெண்கள் கையிலேயே பறையைக் கொடுத்தது. அதற்கு முன்னால் பெரும்பாலும் ஆண்கள் கையிலேயே இருந்த கருவி இது. நான் இவர்கள் யாருடைய நிகழ்ச்சிக்கும் அந்த நாளில் போனதில்லை. அரசரடி வழியாகத்தான் தினமும் பள்ளிக்கூடத்துக்குப் பேருந்தில் போனேன். ஜன்னலோரம் உட்கார்ந்துதான் போனேன்.

என் கருவியை 2019-இல் வாங்கினேன். ஆசானின் மைத்துனர் கட்டிக் கொடுத்தார். கட்டுகிற நாளில் நானும் போய் உட்கார்ந்திருந்தேன். வேப்பங்கட்டையை வளைவாய்ச் செதுக்கி, மூன்று துண்டை வட்டமாய்ச் சேர்த்து, உள்பக்கம் இரும்புத் தகட்டால் பூட்டுகிறார்கள். புளியங்கொட்டையை வறுத்து, மேல்தோல் நீக்கி, மாவாக்கிக் காய்ச்சினால் பசை. கடையில் விற்கிற எந்தப் பசையும் சூட்டில் விட்டுவிடுமாம், இது விடாதாம். மயிர் நீக்கி ஊறவைத்த கன்றுத்தோலை அந்தப் பசையின்மேல் இழுத்துப் போர்த்தி, கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாய் முறுக்கிக் கட்டி நிழலில் விட்டார். அந்த வீட்டில் ஊறிய தோலின் வாசமும் வேகும் புளியங்கொட்டையின் வாசமும் கலந்து வந்தபோது எனக்குத் தாத்தா வந்துவிட்டார். அவர் தோளில் தொங்கும் துண்டின் வாசம் அது. 38 வருடமாக நான் நினைக்காத வாசம். யாரும் பார்க்காதபடி எழுந்து வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

இப்போது எங்கள் குழுவில் பாதிப் பேர் ஃபைபர் தோலுக்கு மாறிவிட்டார்கள். தீ வேண்டாம், மழை பயமில்லை, விமானத்தில்கூடக் கொண்டுபோகலாம். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வைக்கோல் தீயில் காய்ந்த தோலுக்கு ஒரு அடிவயிறு உண்டு. ஃபைபருக்கு அது இல்லை. காய்ச்சுவதும் ஒரு வித்தை. விரலால் சுண்டிச் சுண்டிக் கேட்க வேண்டும். ‘பொத்’தென்றால் இன்னும் ஈரம். ‘கிண்’ணென்றால் எடுத்துவிட வேண்டும். அந்த நொடியைத் தாண்டினால் தோல் வெடித்துவிடும். வட்டமாய் உட்கார்ந்து கருவி காய்கிற அந்தப் பத்து நிமிடத்தில்தான் எங்கள் கதைகள் எல்லாம் வெளியே வந்தன. நான் கொட்டுக்காரர் பேத்தி என்பதை அங்கேதான் சொன்னேன். ஆசான் தீயைக் கிளறிக்கொண்டே, “ஊரு பேரு சொன்னப்பவே நெனச்சேன்” என்றார்.

கருவியை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது அப்பா திண்ணையில் இருந்தார். மறைக்க முடியாத வட்டம் அது. துணிப்பையில் போட்டாலும் வட்டமாகவே இருந்தது. அவர் பார்த்தார். பேப்பரைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான்காம் நாள், “வீட்ல அடிக்காத” என்றார். அவ்வளவுதான். அடிக்கவில்லை.

அப்பா ஏன் அப்படி என்பது தலையால் எனக்கு எப்போதும் தெரியும். உடம்பால் தெரிந்தது அந்த வருடக் கடைசியில். தெரிந்தவர் வீட்டு வரவேற்புக்கு எங்களை அடிக்கக் கூப்பிட்டிருந்தார்கள். நகரத்தில் ஒரு கல்யாண மண்டபம். வாசலில் நின்றவர் எங்கள் தோளில் தொங்கியதைப் பார்த்துவிட்டு, “கொட்டுக்காரவுக பின்வாசல் வழியா வாங்க” என்றார். எங்களில் நர்ஸ் உண்டு, டீச்சர் உண்டு, எஞ்ஜினியரிங் படிக்கிற பிள்ளை உண்டு. நாங்கள் கோபத்தில் வாயடைத்து நின்றபோது, எங்களுக்குப் பின்னால் ஆசான் ஏற்கெனவே பின்வாசலைப் பார்த்து நடக்கத் தொடங்கியிருந்தார். அவருக்கு அதில் கோபமே இல்லை. வழக்கமான வழி. அந்த முதுகை என்னால் மறக்க முடியாது. நர்ஸ் அக்கா ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துத் திருப்பிக்கொண்டு வந்தார். “ஆசான் முன்னால போவாரு, நாங்க பின்னால வருவோம். இல்லேன்னா இப்பவே கெளம்புறோம்” என்றார். கல்யாண வீட்டுக்காரர் பதறி ஓடி வந்து அழைத்துப் போனார். அன்றைக்கு நாங்கள் அடித்த அடியைப் போல அதற்கு முன்னும் அடித்ததில்லை, பின்னும் அடித்ததில்லை. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் இதைச் சொல்லவில்லை. அவர் எதைக் கீழே வைத்தார் என்று அன்றிரவு வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் வைத்திருக்காவிட்டால் அது என் தம்பி கழுத்தில் மாட்டப்பட்டிருக்கும். நான் வைக்கோல் சுமந்திருப்பேன். ஞாயிற்றுக்கிழமை ஆசைப்பட்டுப் போய் எடுத்துக்கொள்ள என்னிடம் ஒன்றும் இருந்திருக்காது.

2020-இல் எல்லாம் நின்றது. அழகர் ஆற்றில் இறங்காத சித்திரை வந்தது. மறுவருடமும் அப்படியே. ஆசானுக்குத் திருவிழா இல்லை. கேதத்துக்கு இருபது பேர்தான், கொட்டு இல்லை. நாங்கள் அரிசியும் பருப்பும் கொண்டுபோய்க் கொடுத்தோம். வாங்கிக்கொள்ளக் கூச்சப்பட்டு, “அப்ப போன்லயாவது பழகுவோம்” என்றார். பழகிப் பார்த்தோம். ஒருவர் அடி இன்னொருவர் போனுக்குப் போய்ச் சேர்வதற்குள் அடுத்த அடி வந்துவிடுகிறது. எட்டுப் பேர் எட்டு இடத்தில் இருந்தார்கள், எட்டுத் தாளம் கேட்டது. இரண்டாம் வாரம் விட்டுவிட்டோம். ஒரே காற்று வேண்டும் இதற்கு.

அந்த நாளில்தான் அமெரிக்காவில் டென்னசியில் இருக்கிற என் தங்கை மகன் ஒரு வீடியோ அனுப்பினான். கொரோனாவுக்கு முன்னால் அவன் ஊர் நூலகத்தில் எடுத்தது. பத்துப் பன்னிரண்டு வயதானவர்கள் வட்டமாய் உட்கார்ந்து, மடியில் ஆளுக்கொரு நீளமான நரம்புக் கருவியைப் படுக்கவைத்து மீட்டிக்கொண்டிருந்தார்கள். மவுண்டன் டல்சிமர் என்றான். அப்பலாச்சிய மலைக் குடியானவர்களின் கருவி. மூன்று நான்கு நரம்பு. ஒன்றில்தான் மெட்டு, மற்றவை சுருதி விட்டுக்கொண்டே இருக்கும். அதனால் நேற்று வந்தவரும் சுருதியை மீட்டிக்கொண்டு வட்டத்தில் உட்கார்ந்துகொள்ளலாம். அட, அவர்களுக்கும் ஒத்தையடி இருக்கிறது என்று எனக்கு ஒரே சந்தோஷம். அதைப் பற்றித் தேடிப் படித்தேன். கென்டக்கியில் வைப்பர் என்ற சிற்றூரில் 1922-இல், 14 பிள்ளைகளில் கடைசியாய்ப் பிறந்த ஜீன் ரிட்சி என்ற பெண்தான் அதை நியூயார்க் நகரத்துக்குக் கொண்டுபோய் ஊரெல்லாம் கேட்க வைத்தவராம். அவருடைய தகப்பனாரும் டல்சிமர் வாசித்தவர். பிள்ளைகள் யாரும் தொடக்கூடாது என்று கட்டளையாம். சின்னப் பெண் திருட்டுத்தனமாய் எடுத்து மீட்டிப் பழகியிருக்கிறாள். அந்த வரியில் நின்றுவிட்டேன். இரண்டு தகப்பன்மாரும் ஒரே சொல்லைத்தான் சொல்லியிருக்கிறார்கள், தொடாதே என்று. அவர் தன் கருவிக்கு ஒன்றும் ஆகிவிடக்கூடாது என்று சொன்னார். என் அப்பா எனக்கு ஒன்றும் ஆகிவிடக்கூடாது என்று சொன்னார்.

2021 கடைசியில் மறுபடி கூடினோம். எல்லாருக்கும் கை மறந்திருந்தது. ஆட்டோ தம்பி தாயை இழந்திருந்தான். அன்றைக்குத்தான் ஆசான், யாரும் கேட்காமலே, எங்களுக்குச் சாவு அடியைக் கற்றுக்கொடுத்தார். தம்பியை நடுவில் நிற்கச் சொன்னார். அவன் அம்மா கொட்டுச் சத்தம் இல்லாமல் போனவள். ஒன்றரை மணி நேரம் அடித்தோம். நடைக்கு வந்தவர்கள் தூரத்தில் நின்று கேட்டுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் நகர்ந்தார்கள்.

2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு, அரசு அறிவிப்புகளுக்குத் தண்டோரா போடுவதை நிறுத்தச் சொல்லி ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதினார். அப்பா அந்தச் செய்தியை என்னைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினார். “இத்தனை வருசமாச்சு” என்றார். 2025 ஜனவரியில் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். சமர் கலைக்குழு நடத்தி, ஊர் ஊராய்ப் பிள்ளைகளுக்குப் பறை கற்றுக்கொடுத்தவர். எங்கள் ஆசான் அவர் பெயரைச் சொல்லும்போது துண்டைச் சரிசெய்துகொள்வார். அந்தச் செய்தியையும் அப்பாதான் முதலில் பார்த்தார். “பறைக்கா குடுத்தாய்ங்க?” என்று கேட்டார். “ஆமாப்பா, பறைக்குத்தான்.” கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதலிலிருந்து மறுபடி படித்தார். பேப்பரை மடித்து அலமாரிக்குள் வைத்தார், இளையபெருமாள் படம் இருந்த அதே அலமாரியில்.

போன ஐப்பசியில் ஆட்டோ தம்பிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு எல்லாரும் தோல் கருவியோடுதான் வர வேண்டும் என்று ஆசான் சொல்லிவிட்டார். முதல் நாள் இரவெல்லாம் மழை. காலை ஐந்து மணிக்கு எழுந்து என் அறைக் கதவருகே பார்த்தால் சுவரில் மாட்டியிருந்த பறையைக் காணோம். கொல்லைப்பக்கம் புகைவாசம் வந்தது. ஓடினேன்.

தகரச் சாய்ப்புக்குக் கீழே அப்பா குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். 87 வயது. முக்காலி போட்டால்கூட உட்காரச் சிரமப்படுகிற மனிதர். முன்னால் பழைய பேப்பரைக் கிழித்துப் போட்டுத் தீ. பறையைச் சாய்த்துப் பிடித்து, உள்ளங்கையால் விளிம்பைத் தள்ளித் தள்ளிச் சுற்றிக்கொண்டிருந்தார். நடுநடுவே நிறுத்தி நடுவிரலால் ஒரு சுண்டு. காதைச் சாய்த்துக் கேட்டார். மறுபடி சுற்றினார். நான் நிலைப்படியிலேயே நின்றேன். கிட்டப் போகக் கால் வரவில்லை. ‘கிண்’ என்று வந்தது. சட்டென்று தீயை விட்டு எடுத்து, வேட்டி முனையால் தோலின் மேலிருந்த சாம்பலைத் துடைத்து, என்னைத் திரும்பிப் பார்க்காமலே நீட்டினார்.

“வைக்கோல் இல்ல. பேப்பர்ச் சூடு நிக்காது” என்றார். “வெரசாப் போ.”